மேற்படி முகவரியில் வசிப்பவர்

மூன்றாவது பத்தியில் அல்ஃபியஸ் ஸோண்டியின் விரல் நின்றுவிட்டது.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் மூன்று தலையணைகளை முட்டுக்கொடுத்து அவரை உட்கார்த்தி வைத்திருந்தார்கள். மூச்சு விடுவதே முழுநேர வேலையாகிப்போன மனிதர், அந்த வேலையைச் சற்று ஒத்திவைத்துவிட்டு, மகள் டைப் அடித்துக் கொண்டுவந்த வாக்குமூலத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தார். முதல் பத்தியில் ஒரு காற்புள்ளி சேர்ந்தது. இரண்டாவது பத்தியில் ‘நான் அறிந்தவரை’ என்பது ‘நான் அறிந்தவரையிலும் நம்பும்வரையிலும்’ என்று நீண்டது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் முப்பத்தொரு வருஷம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். கோழி திருடியவன் உளறலைக்கூட அரசாங்க அறிக்கையைப் போல ஆக்கி நீதிபதியின் காதில் போட்டவர். சாகிற காரியம் அவசரம்தான். அதற்காகக் காற்புள்ளியை விட்டுவிட முடியுமா?

கட்டிலுக்கு எதிரே, தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் கான்ஸ்டபிள் ஷாங்கே. வாக்குமூலத்துக்குச் சத்தியம் வாங்கி முத்திரை குத்துவதற்காக நொம்புசோ காலையிலேயே ஸ்டேஷனுக்குப் போய்க் கெஞ்சிக் கூட்டிவந்தவர். கையில் தட்டு. தட்டில் நான்காவது ஸ்கோன் ரொட்டி.

“ஐயா, இதுல உள்ளதெல்லாம் படிச்சுப் புரிஞ்சுக்கிட்டீங்களா?” என்று வாயிலிருந்ததை விழுங்கிவிட்டுக் கேட்டார்.

“அந்தக் கேள்வியக் கடைசியில கேக்கணும் தம்பி. அதையும் உக்காந்துகிட்டுக் கேக்கக் கூடாது.”

கான்ஸ்டபிள் எழுந்து நின்றார்.

அல்ஃபியஸின் விரல் இன்னும் அதே இடத்தில் இருந்தது. ‘என் மருமகன் லிம்பானி பிரி, மேற்படி முகவரியில், என் வீட்டில், என் மகளுடன், கடந்த ஆறு ஆண்டுகளாக வசித்து வருகிறார்.’

“இத யாரு எழுதினது?”

“நான்தாம்பா,” என்றாள் நொம்புசோ.

“‘அவ்வப்போது வந்து போகிறார்’னு மாத்து.”

நொம்புசோ கண்ணை மூடிக்கொண்டாள். நாளை வெள்ளிக்கிழமை. நாளை மாலை நாலு மணிக்கு மேல்முறையீடு வாங்குகிற விசா அலுவலகத்தின் ஜன்னல் மூடினால், மனைவியை முன்னிட்டு அவள் புருஷன் கேட்டிருந்த ஸ்பௌஸ் விசாவும் மூடிக்கொள்ளும். அப்புறம் அவன் மலாவிக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். ஏறியவன் திரும்பி வர ஐந்து வருஷம் ஆகலாம் என்று விசா ஏஜென்ட் அம்மாள் சொல்லியிருந்தாள்.

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள் என்று நிரூபிக்க அதே அம்மாள் பதினொரு காகிதங்களுக்கு ஒரு பட்டியல் கொடுத்திருந்தாள். வாடகை ஒப்பந்தம் கேட்டிருந்தார்கள், வீடு அப்பாவுடையது. தண்ணீர் பில் வந்தது, அப்பா பெயரில். கரண்ட்டுக்குக் கடையில் சீட்டு வாங்கி மீட்டரில் எண்ணைத் தட்டுவது வழக்கம். அந்தச் சீட்டுக்கு மீட்டரைத்தான் தெரியும், மனிதர்களைத் தெரியாது. தபால்காரர் வீடிருந்த குன்றின் மேல் ஏறி வருவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது. போன மாதம் அவசரமாகத் திறந்த கூட்டு வங்கிக் கணக்கு, அவசரமாகத் திறந்ததாலேயே சந்தேகத்துக்குரியதாகிவிட்டது. போட்டோ? குடும்பப் படம் எதிலும் லிம்பானி இல்லை. மாமனார் பக்கத்தில் மருமகன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கக் கூடாதென்பதால் எல்லாப் படத்தையும் எடுத்தவன் அவன்தான். “குழந்தை இருந்திருந்தா சுலபமா முடிஞ்சிருக்கும்,” என்றாள் ஏஜென்ட், பட்டியலில் இன்னொரு காகிதம் குறைகிறது என்பதைப் போல. நொம்புசோ பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

இத்தனைக்கும் காரியம் கெட்டது காகிதத்தால் அல்ல, மரியாதையால்.

இரண்டு மாதத்துக்கு முன் அதிகாரிகள் இருவர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைப் பார்க்க வந்தார்கள். நொம்புசோ பள்ளிக்கூட அலுவலகத்தில் இருந்தாள். லிம்பானி தன் பட்டறையில் யாருடைய சோபாவுக்கோ புதுத்துணி தைத்துக்கொண்டிருந்தான். வீட்டிலிருந்த அல்ஃபியஸ் கோட்டைப் போட்டுக்கொண்டு, நல்ல கோப்பைகளை எடுத்துத் தேநீர் ஊற்றினார். பாதிரியார் வரும்போதெல்லாம் செய்கிற பழக்கத்தில், லிம்பானியின் செருப்பைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினார். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: “என் மருமகனா? அவர் கௌரவமான மனுஷர். டவுன்ல அறை எடுத்திருக்கார். ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சு பாக்க வருவார்.” அதிகாரிகள் நன்றி சொல்லி, அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள். அவர்கள்மேல் குற்றம் இல்லை. பொய்யை இவ்வளவு கம்பீரமாகச் சொல்லும் மனிதரை அவர்கள் அதுவரை பார்த்திருக்க மாட்டார்கள்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட கடிதம் வந்த அன்று நொம்புசோ அழுதபடி கேட்டாள், ஏம்பா அப்படிச் சொன்னீங்க என்று.

“பின்ன? வீட்டோட மாப்பிள்ளைன்னா சொல்லுவாங்க? அல்ஃபியஸ் ஸோண்டி வீட்டிலயா?” என்றார். “அது சத்தியப் பிரமாணம் இல்ல நொம்பு. அதனால அது பொய்யும் இல்ல. அது மரியாதை.”

லிம்பானிக்கு இதில் இன்னொரு குழப்பமும் இருந்தது. அவன் ஊரில் கல்யாணம் ஆனவன் மனைவியின் ஊருக்குப் போய், அங்கேயே வீடு கட்டி, அங்கேயே உழுது வாழ்வான். அதுதான் ஆண்பிள்ளைக்கு அழகு. மாமியார் செத்தபின் தனியாகிப்போன மாமனாரோடு வந்து இருப்பதில் அவனுக்குப் பெருமைதான் இருந்தது. வந்த முதல் மாதத்திலேயே, இந்த ஊரில் அந்தப் பெருமையைச் செருப்போடு சேர்த்துக் கட்டிலுக்கடியில் தள்ள வேண்டும் என்று கற்றுக்கொண்டான். நன்றாகவே கற்றுக்கொண்டான்.

“அப்பா,” என்றாள் நொம்புசோ இப்போது. “நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு. ஒரு வரி. ஒரே ஒரு வரிப்பா.”

“ஒரு வரியாலதான் ஆளத் தூக்குல போட்டாங்க. நான் பாத்திருக்கேன்.”

“உங்க மானம் பெரிசா, என் வாழ்க்கை பெரிசா?”

கான்ஸ்டபிள் தட்டைப் பார்த்தார். அல்ஃபியஸ் கண்ணாடியைக் கழற்றினார். மூச்சு விசில் அடித்தது.

“சத்தியம் பண்ணிப் பொய் சொன்னதில்ல நான்,” என்றார் மெதுவாக. “சத்தியம் பண்ணி இத மெய்னு சொல்லிட்டா, அப்புறம் அன்னைக்குச் சொன்னது என்னாகும்? யோசிக்க விடு.” பிறகு கதவின் பக்கம் திரும்பி, “மாப்ள!” என்றார்.

கதவுக்கு வெளியே சுவரோடு சுவராக நின்றிருந்த லிம்பானி உள்ளே வந்தான். ஏன் கூப்பிடுகிறார் என்று கேட்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. “சார், நீங்க முன்னறையில கொஞ்சம் இருங்க,” என்று கான்ஸ்டபிளை அனுப்பிவிட்டு, ஒரு கையை முழங்காலுக்கு அடியிலும் ஒரு கையை முதுகுக்கும் கொடுத்து மாமனாரைத் தூக்கினான். வீங்கிய கால்கள் இடிபடாமல், நிலைப்படியில் பக்கவாட்டாகத் திரும்பி, கழிவறைக்குக் கொண்டுபோனான்.

நொம்புசோ வாக்குமூலத்தை எடுத்து மறுபடியும் படித்தாள். பேனாவைத் திறந்து வைத்தாள். அப்பாவின் கை நடுங்குகிறது, கையெழுத்து வராவிட்டால் ரேகை வைத்துக்கொள்ளலாம் என்று கான்ஸ்டபிள் மைப்பெட்டியையும் விட்டுப் போயிருந்தார். அதையும் திறந்து வைத்தாள். யோசிக்க விடு என்றாரே. அப்படியென்றால் பாதி சம்மதம். கழிவறைத் தொட்டியில் தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. நாலு எட்டு கேட்டது. ஐந்தாவது எட்டு கேட்கவில்லை.

“நொம்பு,” என்றான் லிம்பானி.

நடையில் மண்டியிட்டிருந்தான். மாமனார் அவன் மடியில், தூங்குகிற குழந்தையைப் போலத் தலையை அவன் தோளில் சாய்த்துக் கிடந்தார்.

இரண்டு பேருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். லிம்பானி கண்களை மூடிவிட்டான், தாடையைத் துண்டால் கட்டினான், சட்டைப் பொத்தான்களை ஒழுங்காகப் போட்டான். முன்னறையில் கான்ஸ்டபிள் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது.

நொம்புசோ அப்பாவின் வலதுகையைப் பிடித்தாள். இன்னும் சூடு இருந்தது. பக்கத்தில் காகிதம் இருந்தது. மை இருந்தது. முத்திரை குத்துகிறவர் பக்கத்து அறையில் இருந்தார். கட்டைவிரலை எடுத்து மைப்பெட்டியின் மேல் கொண்டுபோனாள். விரலுக்கும் மைக்கும் இடையே ஒரு அரிசி அகலம்தான் இருந்தது. அந்தக் கை கனத்தது. உயிரோடிருந்தபோது எப்போதும் இவ்வளவு கனத்ததில்லை.

லிம்பானி அவளைத் தடுக்கவில்லை. கட்டிலின் மறுபக்கம் நின்றபடி சொன்னான்: “அவர் கையெழுத்து ரொம்ப அழகா இருக்கும், நொம்பு. ரேகை வெச்சார்னு நாலு பேர் பேசினா தாங்கமாட்டார்.”

அவள் கையைக் கீழே வைத்தாள். மைப்பெட்டியை மூடினாள். ஒரு நிமிஷம் அந்த மூடியின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பிறகு எழுந்து முன்னறைக்குப் போய், “அப்பா போயிட்டார்,” என்று கான்ஸ்டபிளிடம் சொன்னாள்.

அரைமணி நேரத்தில் வீடு நிறைந்துவிட்டது. பக்கத்து வீட்டு மாதுபே முதலில் வந்து, டிவியைச் சுவர்ப்பக்கம் திருப்பி, கண்ணாடிமேல் துணி போட்டு, முன்னறை மூலையில் மெத்தையைத் தரையில் விரித்து, மூத்த மகளான நொம்புசோவைப் போர்வையால் மூடி அதில் உட்காரவைத்தாள். பெண்கள் பாட்டை எடுத்தார்கள். அப்புறம் சித்தப்பா ஏனோக் வந்தார். துக்கம் எங்கே நடந்தாலும் அதற்குத் தலைமை தாங்கப் பிறந்தவர் அவர். கோயில் மூப்பர் பட்டையைக் கோட்டில் குத்திக்கொண்டுதான் அழ ஆரம்பித்தார்.

“ஒரு சிம்மாசனம் சாஞ்சுது!” என்றார்.

“ஒரு நாற்காலி எடுத்துப் போடுங்க அவருக்கு,” என்றாள் மாதுபே.

கிளம்பியிருக்க வேண்டிய கான்ஸ்டபிள் ஷாங்கே கிளம்பவில்லை. நோட்டுப் புத்தகத்தை மடியில் விரித்து உட்கார்ந்துவிட்டார். “நான் டியூட்டில இருக்கும்போது, நான் இருக்கிற வீட்டுல நடந்த மரணம். எழுதாமப் போனா நாளைக்கு என்னைக் கேப்பாங்க. கடைசியாப் பக்கத்துல இருந்தவர் யாரு? அவர் வந்து சத்தியம் பண்ணி வாக்குமூலம் தரணும்.”

பெரியவர்கள் வழிவிட, லிம்பானி வந்து நின்றான். வலதுகையை உயர்த்திச் சத்தியம் செய்தான். பாட்டு தானாகத் தணிந்தது.

“பேரு?”

“லிம்பானி பிரி.”

“இறந்தவர் உங்களுக்கு என்ன வேணும்?”

“மாமனார்.”

“கடைசியா ஏதாச்சும் சொன்னாரா?”

சொன்னார். கழிவறையிலிருந்து வரும்போது லிம்பானியின் காதருகே, ‘அந்தப் போலீஸ்காரனுக்கு இன்னொரு ஸ்கோன் குடுக்காதே, சட்டம் தெரியாதவன்’ என்று சொல்லியிருந்தார். லிம்பானி பெரியவர்களைப் பார்த்தான்.

“ஜெபம் பண்ணினார்,” என்றான்.

ஏனோக் சித்தப்பா விம்மினார். கான்ஸ்டபிள் அதைப் பயபக்தியோடு எழுதிக்கொண்டார். அந்தப் புத்தகத்தில் அது இன்றைக்கும் அப்படியேதான் இருக்கும்.

“நீங்க வசிக்கிற முகவரி?”

மெத்தையில் இருந்த நொம்புசோ நிமிர்ந்தாள். போலீஸ் புத்தகம். சத்தியம் செய்த வாக்குமூலம். தேதி, எண், முத்திரை. பட்டியலில் இல்லாத பன்னிரண்டாவது காகிதம் ஒன்று கண்ணெதிரே எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. அவன் வாயைத் திறந்து வீட்டு எண்ணைச் சொன்னால் போதும்.

லிம்பானி மறுபடியும் பெரியவர்களைப் பார்த்தான். ஏனோக்கின் பட்டையைப் பார்த்தான். சாத்தியிருந்த படுக்கையறைக் கதவைப் பார்த்தான்.

“டவுன்ல ஒரு ரூம்,” என்றான். “இங்க அப்பப்ப வந்து போவேன்.”

பெரியவர்கள் மெச்சித் தலையாட்டினார்கள். நல்ல வளர்ப்பு.

“பொய்!”

மெத்தையில் உட்கார்ந்தவள் அடக்கம் முடியும்வரை சத்தமாகப் பேசக் கூடாது, எழக் கூடாது. நொம்புசோ எழுந்து நின்றாள். போர்வை தோளிலிருந்து நழுவியது.

“அத அடிங்க சார். பொய் அது.”

“நொம்புசோ! உக்காரு!” என்றார் ஏனோக். “உங்கப்பன் உடம்பு இன்னும் ஆறல.”

“ஆறலதான் சித்தப்பா. அந்த உடம்ப இன்னைக்குக் காலையில குளிப்பாட்டினது யாரு? நீங்களா? ஷேவ் பண்ணிவிட்டது யாரு? ஒரு ராத்திரிக்கு மூணு தடவ கழிவறைக்குத் தூக்கிட்டுப் போய் உக்காரவெச்சு, கழுவிவிட்டுத் தூக்கிட்டு வந்தது யாரு? டவுன் ரூம்லேருந்து மூணு தடவ பஸ் புடிச்சா வந்தார்?”

முப்பத்தொரு வருஷம் கோட்டு போட்டு நடந்த மனிதரை மகளே ஊர் நடுவில் உரித்து நிறுத்திவிட்டாள். அது அவளுக்கும் தெரிந்தது. உதடு கோணிக்கொண்டு போனது, ஆனாலும் உட்காரவில்லை.

“பொண்ணு துக்கத்துல பெனாத்துது,” என்றார் ஏனோக், கான்ஸ்டபிளிடம். “மாப்பிள்ளையே சொல்லிட்டார். வந்து போறவர். எங்க குடும்பத்துல மாப்பிள்ளை வீட்டோட…”

“அட, சும்மா இருங்கய்யா,” என்றாள் மாதுபே, பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு. “ஆறு வருஷமா அந்தத் தம்பியோட ஜட்டி அந்தக் கொடியிலதான் காயுது. நீலத்துல நாலு, கறுப்புல மூணு. மழை வந்தா நான்தான் எடுத்து உள்ள போடறேன். வந்து போறவன் ஏழு ஜட்டியவா விட்டுட்டுப் போவான்?”

பாட்டுக்கார வரிசையில் யாரோ இருமினார்கள். அது இருமல் அல்ல.

“நீங்க சத்தியம் பண்ணிச் சொல்லுவீங்களாம்மா?” என்றார் கான்ஸ்டபிள்.

“எதுமேல வேணும்னாலும். ஜட்டிமேல மட்டும் வேணாம்.”

கான்ஸ்டபிள் தான் எழுதியதன் மேல் கோடு இழுத்து, லிம்பானியைப் பார்த்தார். “சார், நீங்க சத்தியம் பண்ணியிருக்கீங்க. மறுபடியும் கேக்கறேன். எங்க வசிக்கிறீங்க?”

லிம்பானி, துண்டு கட்டிய தாடையோடு உள்ளே படுத்திருப்பவர் காதில் விழுமோ என்று பயப்படுகிறவன் போல நின்றான்.

“சொல்லு லிம்பானி,” என்றாள் நொம்புசோ. “நாளைக்குக் கடைசி நாள்.”

“ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு,” என்றான் அவன். “இந்த வீடு.”

“எத்தன வருஷமா?”

“ஆறு.” பிறகு கதவின் பக்கம் திரும்பி, மிகவும் தணிந்த குரலில், “மன்னிச்சுக்கங்க மாமா,” என்றான். கான்ஸ்டபிள் அதையும் எழுதப் போனார். மாதுபே முறைத்ததில் விட்டுவிட்டார்.

கையெழுத்துகள் ஆயின. புத்தகம் மூடப்பட்டது. நகல் வேண்டும் என்று நொம்புசோ கேட்டாள்.

“காலையில எட்டு மணிக்கு ஸ்டேஷனுக்கு வாங்க. எங்க ஸ்டேஷன் ஆபீஸர் வந்து கையெழுத்துப் போட்டார்னா குடுத்துடறேன்.”

“வரலேன்னா?”

கான்ஸ்டபிள் தொப்பியைத் தலையில் வைத்துச் சரிசெய்தார். “சாதாரணமா வருவார்,” என்றார்.

அவர் போனதும் ஏனோக் சித்தப்பா தொண்டையைச் செருமினார். தோற்றுப்போன அவர் கையில் இன்னும் ஒரு தீர்ப்பு பாக்கியிருந்தது.

“போலீஸ் புத்தகத்துல என்ன வேணாலும் இருக்கட்டும். இது துக்க வீடு. சனிக்கிழமை அடக்கம் முடியற வரைக்கும் மாப்பிள்ளை இந்தக் கூரைக்குக் கீழ படுக்கக் கூடாது. சனிக்கிழமை மாப்பிள்ளையா, முறையா, கம்பளியும் ஆடும் எடுத்துக்கிட்டு வரட்டும்.”

இதை மாதுபேகூட மறுக்கவில்லை. வழக்கம் அதுதான்.

“சரிங்க,” என்றான் லிம்பானி.

மாதுபே நொம்புசோவின் தோளைப் பிடித்து அழுத்தி மெத்தையில் உட்காரவைத்தாள். போர்வை மறுபடியும் தலைக்கு மேல் வந்தது. பெண்கள் விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுத்தார்கள். போர்வையின் விளிம்புக்கும் நிலைக்கும் நடுவே இருந்த இடைவெளியில் நொம்புசோவுக்கு வாசல் தெரிந்தது.

லிம்பானி ஒரு சின்னப் பையோடு வெளியே போனான். எங்கே படுப்பான் என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இரும்புக் கேட்டின் கீழ்க்கீல் என்றோ ஒடிந்துபோயிருந்தது. சற்றுமுன் கான்ஸ்டபிள் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டு, அதைப் பாதி திறந்தபடியே விட்டுப் போயிருந்தார். லிம்பானி பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டான். வலது பாதத்தைக் கேட்டுக்கடியில் கொடுத்து, ஒரு சின்ன எம்பு எம்பி, இடுப்பால் தள்ளிச் சத்தமில்லாமல் சாத்தினான். கம்பி வளையத்தைத் தேடாமலே கை அதை எடுத்து மாட்டியது. அவன் கண் அப்போது கீழே, சாலையின் மேல் இருந்தது.